ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தின் 'மெட்டல் ஃபட்டீக்' தொகுப்பை எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான்: "கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது கிட்டார் கற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் 1985-இல் வந்த 'மெட்டல் ஃபட்டீக்' ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார். பலமுறை கேட்டுவிட்டேன். வேகம் தெரிகிறது, மெட்டு தெரியவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே புரியவில்லை. இது உண்மையிலேயே பெரிய இசையா, அல்லது கிட்டார் வாசிப்பவர்கள் மட்டும் வியக்கும் விரல் வித்தையா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோலோவை, அதாவது கிட்டார் தனித்து ஓடும் பகுதியை, துரத்துவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். பின்னால் போகும் கார்டுகளை மட்டும் கேளுங்கள். முதல் பாட்டிலிருந்து தொடங்காமல் இரண்டாவதான 'ஹோம்' என்பதிலிருந்து தொடங்குங்கள். ஹோல்ட்ஸ்வொர்த் கிட்டார் கலைஞர்தான், ஆனால் அடிப்படையில் ஒத்திசைவைக் கட்டுகிற இசையமைப்பாளர். பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் கார்டுகளில்தான் அவருடைய மனம் முழுக்க இருக்கிறது. சோலோவில் கொட்டுகிற நூற்றுக்கணக்கான சுரங்களும் அந்தக் கார்டுகளின் உள்ளிருந்து வருபவைதான். அடியில் இருப்பது காதில் ஏறாதவரை மேலே ஓடுவது வெறும் வேகமாகத்தான் தெரியும். உங்களுக்கு இப்போது நேர்ந்திருப்பது அதுதான்.

இனி விரிவாக.

ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் 1946-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் பிறந்தவர். அவரை வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். தாத்தா சாம் ஹோல்ட்ஸ்வொர்த் ஜாஸ் பியானோ வாசித்தவர், பேரனின் முதல் குருவும் அவரே. வீட்டில் ஜாஸ் ரெக்கார்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. டெபுஸி, ராவெல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்களையும் கேட்டார். பிறகு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வந்தார், அதோடு அந்தப் பையனின் திசை முடிவாகிவிட்டது. அவர் ஆசைப்பட்ட வாத்தியம் சாக்ஸபோன். கைக்கு வந்தது கிட்டார். பதின்ம வயதின் பிற்பாதியில்தான் அதைத் தீவிரமாக எடுத்தார். இதைப் பின்னாளில் பேட்டிகளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கிட்டாரின் மேல் தனக்குப் பெரிய காதல் இருந்ததில்லை, ஊதுகிற வாத்தியம்தான் வேண்டியிருந்தது என்று.

இதை வாழ்க்கைக் குறிப்பாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த ஆல்பத்தின் ஒலி முழுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கிட்டாரில் ஒரு சுரம் எப்படிப் பிறக்கிறது? பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தந்தியில் படுகிறது, 'டக்' என்று ஒரு தட்டல் கேட்கிறது, சுரம் எழுந்து அப்போதே தேயத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் இப்படி ஒரு தலைத்தட்டு உண்டு. கிட்டார் கலைஞர்கள் ஜான் மெக்லாஃப்லினும் ஆல் டி மியோலாவும் இந்தத் தட்டையே பலமாக்கினார்கள். பாக்கோ டி லூசியாவோடு அவர்கள் 1980 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்த கச்சேரிப் பதிவைக் கேட்டிருப்பீர்கள். மெக்லாஃப்லினும் டி மியோலாவும் கிட்டத்தட்ட எல்லாச் சுரத்தையும் பிக்கால் தனித்தனியாக அடிக்கிறார்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் சுரங்கள் எண்ணக்கூடியவையாக இருக்கும். தாளம் அந்த அடியிலேயே தெரியும். கர்நாடக இசை கேட்ட காதுக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும். நம்மில் பலர் 'சக்தி' குழுவில் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் மெக்லாஃப்லின் வாசித்ததைக் கேட்டுத்தான் ஃபியூஷன் பக்கமே வந்தோம். அதனால் ஃபியூஷன் கிட்டார் என்றால் அந்தக் கூரிய அடியைத்தான் காது தேடுகிறது.

ஹோல்ட்ஸ்வொர்த் அந்தத் தட்டையே எடுத்துவிட்டார். ஒரு தந்திக்கு ஒன்றோ இரண்டோ முறைதான் வலக்கை அடிக்கும். மற்றவை எல்லாம் இடக்கை விரல்கள் தந்தியின் மேல் நேராக விழுவதாலேயே எழும் சுரங்கள். இதை லெகாட்டோ என்பார்கள், பலரும் செய்வதுதான். ஆனால் வழக்கமாக விரலை எடுக்கும்போது தந்தியைப் பக்கவாட்டில் சற்றுச் சுண்டி எடுப்பார்கள், அதில் ஒரு 'மியாவ்' ஒலி வரும். அந்த ஒலி அவருக்குப் பிடிக்காது. எனவே இறங்கு வரிசையிலும் தந்தியை இழுக்காமல், விரலை மேலிருந்து போட்டு எடுக்கும்படி கையைப் பழக்கினார். அடித்த சுரம் எது, விரல் விழுந்து வந்த சுரம் எது என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு எல்லாம் ஒரே கனம். எந்தச் சுரத்தை அழுத்த வேண்டுமோ அதை மட்டும் அழுத்துவார், ஒரு சாக்ஸபோன்காரர் மூச்சைக் கூட்டுவதுபோல.

கேட்பவருக்கு இதில்தான் சிரமம் ஆரம்பிக்கிறது. பிடித்துக்கொள்ளப் புள்ளிகள் இல்லை. எங்கே அடி, எங்கே அரையடி என்று காது தேடும்போது ஒரு நீண்ட வளைகோடுதான் கிடைக்கிறது. அதோடு அவருடைய வாக்கியங்கள் நாலு அடி, எட்டு அடி என்று ஒழுங்காக வெட்டப்படுவதில்லை. மூச்சு தீரும் இடத்தில் வாக்கியம் முடியும். ஆகவே அவர் சோலோவைச் சுரம் சுரமாகக் கேட்கவே கூடாது, வாக்கியம் வாக்கியமாகக் கேட்க வேண்டும். ஒரு வாக்கியம் எங்கே தொடங்கியது, எவ்வளவு உயரம் போனது, எந்தச் சுரத்தில் வந்து நின்றது? நிற்கும் சுரத்தைக் கவனியுங்கள். அது கார்டோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதில்தான் அவர் யார் என்பது தெரியும்.

இரண்டாவது சிரமம் சுருதி. கர்நாடக இசைக் காதுக்கு இது இன்னும் பெரிய தடை. நமக்கு ஆதார ஷட்ஜம் கச்சேரி முழுக்க அசையாது. தம்பூரா அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்தச் சுரம் கேட்டாலும் ஷட்ஜத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று மனம் தானாக அளந்துவிடும். இந்த ஆல்பத்தில் அப்படி ஒரு வீடு கிடையாது. ஒரு கார்டு வருகிறது, அதற்கு ஒரு ஸ்கேல், அதாவது சுர வரிசை. அடுத்த கார்டுக்கு வேறு ஸ்கேல், வேறு ஆதாரம். ஒன்றிரண்டு அடிகளுக்கு ஒருமுறை ஷட்ஜமே இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார்டின் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டால் மூன்றாவது கார்டிலேயே எல்லாம் அபஸ்வரமாகத் தெரியும்.

ஆனால் இந்தத் தடையைத் தாண்டவும் கர்நாடக இசையே உதவுகிறது. கிரக பேதம் தெரிந்திருக்கும். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, காந்தாரத்தை வைத்தால் தோடி, மத்யமத்தை வைத்தால் கல்யாணி, பஞ்சமத்தை வைத்தால் ஹரிகாம்போதி, தைவதத்தை வைத்தால் நடபைரவி. சுரக் கூட்டம் ஒன்றுதான், பார்க்கும் இடம்தான் வேறு. ஹோல்ட்ஸ்வொர்த் கார்டுகளை ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தார். பள்ளிக்கூட முறையில் கார்டு என்றால் அடிச்சுரம், அதன் மேல் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது என்று அடுக்குவார்கள். அவருக்கு அந்த அடுக்கில் நம்பிக்கை இல்லை. கார்டு என்பது ஒரு ஸ்கேல் குடும்பத்தின் சில உறுப்பினர்கள் சேர்ந்து நிற்கும் ஒரு படம், அவ்வளவுதான். அடுத்த கணம் அதே குடும்பத்தின் வேறு நான்கு பேர் நிற்கலாம், குடும்பம் மாறவில்லை. அதனால்தான் ஒரே கார்டு நிற்க வேண்டிய இடத்தில் அவர் மூன்று நான்கு வடிவங்களை நகர்த்துவார். அத்தனையும் ஒரே நிறம்.

ஸ்கேல்களைக்கூட அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. இளம் வயதில் உட்கார்ந்து, ஐந்து சுரம், ஆறு சுரம், ஏழு சுரம் என்று எத்தனை விதமாக அடுக்க முடியும் என்று கணக்குப் போட்டு எழுதிப் பார்த்தார். அரைச் சுரங்கள் அதிகமாக ஒட்டி வருபவற்றைக் கழித்தார். மிஞ்சியவற்றுக்குப் பெயர் தெரியாததால் தன் வசதிக்கு அடையாளங்கள் வைத்துக்கொண்டார். வேங்கடமகி 72 மேளங்களைக் கணக்கால் அடைந்த கதை தெரிந்த நமக்கு இந்த மனப்போக்கு அந்நியமாகத் தோன்றாது. அவர் அதிகம் புழங்கிய குடும்பங்கள் சிலவற்றின் சுரங்கள் நமக்கும் பழக்கமானவைதான். ஜாஸ்காரர்கள் மெலோடிக் மைனர் என்பது கௌரிமனோகரியின் சுரங்கள். ஹார்மோனிக் மைனர் கீரவாணி. ஹார்மோனிக் மேஜர் சரசாங்கி. ஆனால் கௌரிமனோகரியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். கமகம் இல்லை, ஜீவ சுரம் இல்லை, ராகத்தின் நடை இல்லை. சுரத் தொகுப்பு மட்டும்தான் பொது.

சரி, அந்தக் கார்டுகள் எப்படி ஒலிக்கின்றன? 'ஹோம்' பாட்டைப் போட்டுக் கேட்டால் பின்னணியில் ஏதோ கீபோர்டு மெல்ல விரிகிறது என்று நினைப்பீர்கள். கீபோர்டு இல்லை, அது கிட்டார்தான். வால்யூம் பெடலை மூடி வைத்துக்கொண்டு கார்டை அடிப்பார். அடியின் 'டக்' கேட்காது. பிறகு பெடலைத் திறந்தால் கார்டு காற்று நிரம்புவதுபோல் எழும். அந்த ஒலி பல சிறிய டிலேக்களின் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவிகள்) வழியாகப் போகும். ஒவ்வொரு டிலேயும் மிக மெல்லிய அளவில் சுருதி அசையும்படி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கிட்டார் பல குரல்களாக, அகலமாகக் கேட்பது அதனால்தான். பிற்காலத்தில் யமஹா நிறுவனம் எட்டு டிலேக்களை ஒன்றாகச் சேர்த்து அவருக்காகவே ஒரு கருவி செய்தது. இந்த ஆல்பம் எடுத்த காலத்தில் அதையெல்லாம் தனித்தனிப் பெட்டிகளை இணைத்துத்தான் செய்தார்.

கார்டின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. பியானோவில் கை எட்டும் நெருக்கமான சுரச் சேர்க்கைகள் கிட்டாரில் எளிதில் எட்டாது. அவர் இடக்கை விரல்கள் அசாதாரணமாக விரியும். ஆறேழு ஃப்ரெட் தூரத்தைச் சிரமமில்லாமல் பிடிப்பார். அதனால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு ஒன்றாக ஒலிப்பதும், அவற்றுக்கு மேலே வெகு தூரத்தில் இன்னொன்று நிற்பதும் ஒரே கார்டில் நடக்கும். தாத்தாவின் பியானோ இங்கேதான் ஒலிக்கிறது என்று எனக்குத் தோன்றும். கைவிரிப்பைப் பார்த்து அப்படியே காப்பியடிக்க முயலாதீர்கள். கற்கிற நிலையில் மணிக்கட்டுக்கு நல்லதில்லை.

இந்த ஆல்பம் எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகள் முழுக்க ஹோல்ட்ஸ்வொர்த் மற்றவர்களுடைய குழுக்களில் வாசித்தார். சாஃப்ட் மெஷின், டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம், கோங், ஜான் லுக் பாண்டி, யூகே, பில் புரூஃபோர்ட் என்று பட்டியல் நீளும். எல்லா இடத்திலும் பிரமாதமான சோலோ, ஆனால் எங்கும் நீண்ட நாள் இல்லை. 1976-இல் அவர் பெயரில் வந்த 'வெல்வெட் டார்க்னெஸ்' அவருக்கு அறவே பிடிக்காத வெளியீடு. ஒத்திகையில் வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்டுவிட்டார்கள் என்பது கடைசிவரை அவருடைய வருத்தம். 1982-இல் சொந்தப் பணத்தில் 'ஐ.ஓ.யூ.' வெளிவந்தது. அந்தத் தலைப்பே கடன் சீட்டு என்றுதான் பொருள்படும். பிறகு எட்டி வான் ஹேலன் முன்னின்று வார்னர் பிரதர்ஸ் இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பாடு செய்துகொடுத்தார். உலகமே கொண்டாடிய ஒரு கிட்டார்காரர் தன் புகழை இன்னொருவருக்காகச் செலவழித்தது பெரிய விஷயம். அந்த ஒப்பந்தத்தில் 1983-இல் 'ரோட் கேம்ஸ்' வந்தது. கிராமி பரிந்துரைகூடக் கிடைத்தது. ஆனால் தயாரிப்பு முறையில் மோதல், முழு ஆல்பமாக வர வேண்டியது ஆறு பாட்டோடு சிறு தொகுப்பாக நின்றது, உறவும் முறிந்தது. அடுத்து எனிக்மா என்ற சிறிய நிறுவனம். அங்கே வந்த முதல் ஆல்பம்தான் 'மெட்டல் ஃபட்டீக்'.

பெரிய நிறுவனம் கைவிட்டபின் ஒருவர் இறங்கி வந்து எல்லோருக்கும் பிடித்ததைச் செய்யப் பார்ப்பது வழக்கம். அவர் அதற்கு நேர்மாறாகப் போனார். ஆறு பாட்டு, மொத்தம் 37 நிமிடம் சொச்சம். அதில் ஒரு பாட்டு மட்டும் 14 நிமிடம்.

கூட வாசித்தவர்களை அறிந்துகொண்டு கேட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் நான்கு பாட்டுகளிலும் பேஸ் கிட்டார் ஜிம்மி ஜான்சன், டிரம்ஸ் சாட் வேக்கர்மேன். வேக்கர்மேன் அப்போது ஃப்ராங்க் ஸப்பாவின் குழுவில் இருந்தவர். எவ்வளவு சிக்கலான கணக்கையும் முகம் சுளிக்காமல் வாசிப்பவர். ஜான்சன் ஐந்து தந்தி பேஸ் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது அபூர்வம். அடியில் கூடுதலாக ஒரு தந்தி இருப்பதால் கார்டுகளுக்குக் கீழே ஆழமான ஒரு தளம் கிடைக்கிறது. ஆனால் நான் அவரை ரசிப்பது ஆழத்துக்காக அல்ல. ஹோல்ட்ஸ்வொர்த் விடுகிற இடைவெளியில் அவர் இரண்டு மூன்று சுரம் பாடிவிட்டு மறுபடி அடியில் போய் நிற்பார், அதற்காக. வழி தெரியாமல் தவிக்கும்போது ஜான்சனின் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷட்ஜம் எங்கே போனது என்பதைப் பெரும்பாலும் அவர்தான் உங்களுக்குக் காட்டுவார்.

இனி பாட்டுகளுக்கு வருவோம். நான் ஆல்பத்தின் வரிசையில் போகப்போவதில்லை.

'ஹோம்' முதலில். வேகம் குறைவு, பாடல் வரி கிடையாது. மெட்டு தனியாக இல்லை; ஒவ்வொரு கார்டின் உச்சிச் சுரத்தையும் கோர்த்தால் அதுதான் மெட்டு. முதல் தடவை அந்த உச்சிச் சுரங்களை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். பாட முடிகிறது என்று தெரிந்ததும் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அது எளிமையான, கொஞ்சம் ஏக்கமான ஒரு மெட்டு. இரண்டாவது தடவை பேஸை மட்டும் கேளுங்கள். மூன்றாவது தடவை உச்சிக்கும் பேஸுக்கும் நடுவே இருக்கும் சுரங்களை. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் ஒரு குரல் அரைச் சுரம் மட்டும் நகரும், மற்றவை அப்படியே நிற்கும். அந்த ஒரு நகர்வில் நிறமே மாறிவிடும். இந்த இடம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் ஹோல்ட்ஸ்வொர்த் திறந்துகொண்டுவிட்டார் என்று அர்த்தம். ராவெலையும் டெபுஸியையும் கேட்டு வளர்ந்தார் என்று மேலே சொன்னேனே, அது வேறெங்கும்விட இங்கே துல்லியமாகக் கேட்கும். என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு இதுதான். அவர் முழு வாழ்நாளில் செய்தவற்றிலும் முதல் வரிசையில் வைப்பேன்.

அடுத்து 'டெவில் டேக் தி ஹைண்ட்மோஸ்ட்'. உங்கள் ஆசிரியர் முக்கியமாக இதைத்தான் மனதில் வைத்திருப்பார். கிட்டார்காரர்கள் நாற்பது ஆண்டாகப் பிரித்துப் பிரித்துப் படிக்கும் சோலோ இதில் இருக்கிறது. இங்கேயும் தொடக்கத்தில் மெட்டைக் கார்டுகளே சொல்கின்றன. சோலோ வரும் வரை அந்தக் கார்டுகளின் போக்கை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், முடிந்தால் சோலோவைத் தொடாமல் அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு சோலோவுக்குள் போனால், அடியில் கார்டு மாறும் அதே நொடியில் மேலே ஓடும் கோடும் நிறம் மாறுவது தெரியும். மாறும் இடத்தில் அவர் தயங்குவதில்லை, புது வாக்கியம் தொடங்குவதுமில்லை. பழைய குடும்பத்தின் கடைசிச் சுரத்திலிருந்து பக்கத்தில் இருக்கும் புதுக் குடும்பத்தின் சுரத்துக்கு நழுவிவிடுகிறார். கோல்ட்ரேன் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பாட்டில் செய்ததும் இதுவே: வேகமாக மாறும் கார்டுகளுக்கு நடுவே உடையாத ஒரு கோடு. கோல்ட்ரேன் கார்டின் எலும்பைத் தெளிவாகக் காட்டிக்கொண்டே போவார். ஹோல்ட்ஸ்வொர்த் எலும்பைக் காட்டமாட்டார், நிறத்தை மட்டும் காட்டுவார்.

இந்தச் சோலோவில் இன்னொன்றையும் கேளுங்கள். வேகமான பாய்ச்சலுக்குப் பிறகு ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து, கிட்டாரின் ட்ரெமலோ கம்பியால் (தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) அதை மெல்ல அசைப்பார். கத்தலுக்கோ வெடிக்கோ பயன்படுத்தும் கம்பிதான் அது, ஆனால் அவர் கையில் குரலின் அசைவு வந்துவிடுகிறது. நம் காதுக்கு இந்த இடங்கள் எளிதில் பிடிக்கும். முதலில் இந்த நீள் சுரங்களை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவில் உள்ள பாய்ச்சல்களை அந்தச் சுரங்களுக்குப் போகும் வழியாகக் கேட்டால் முழுச் சோலோவும் ஒரு வடிவத்துக்குள் வந்துவிடும்.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'மெட்டல் ஃபட்டீக்' பால் வில்லியம்ஸ் பாடியது. தொடக்கத்தில் ட்ரெமலோ கம்பியால் கார்டுகளையே வளைத்து வளைத்து அடிக்கும் அந்தப் பகுதி ஒரு நொடியில் ஆளைப் பிடித்து உட்கார வைக்கும். வில்லியம்ஸின் குரல் கரகரப்பான ராக் குரல். இந்த நுட்பமான கார்டுகளுக்கு மேல் அது பொருந்தவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். முதல் பாட்டைப் பொறுத்தவரை நான் அவர்களோடு சேரமாட்டேன். அந்தக் குரலின் சொரசொரப்பு கிட்டாரின் வழவழப்புக்கு எதிர்ப்பக்கமாக நின்று பாட்டுக்குத் தரை கொடுக்கிறது. வில்லியம்ஸே பாடிய நான்காவது பாட்டான 'பேனிக் ஸ்டேஷன்' விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. ராக் பாட்டாக வர வேண்டும் என்று எழுதியது, நன்றாக வாசித்திருக்கிறார்கள், அதற்கு மேல் அதில் நான் அதிகம் கண்டதில்லை.

'தி அன்-மெரி-கோ-ரவுண்ட்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை ஏறக்குறைய முழுக்க எடுத்துக்கொள்கிறது. இதில் டிரம்ஸ் கேரி ஹஸ்பண்ட், கீபோர்டு ஆலன் பாஸ்க்வா. பாஸ்க்வா எழுபதுகளில் டோனி வில்லியம்ஸின் குழுவில் ஹோல்ட்ஸ்வொர்த்தோடு இருந்தவர். ஹஸ்பண்ட் நல்ல பியானோக் கலைஞரும்கூட, அதனால் டிரம்ஸிலும் கார்டு மாறும் இடம் அறிந்து வாசிப்பார். வேக்கர்மேன் கணக்கைக் கூர்மையாக வெட்டிக் காட்டுவார் என்றால் ஹஸ்பண்ட் அலையாக வந்து மோதுவார். இரண்டு டிரம்ஸ்காரர்களையும் ஒரே ஆல்பத்தில் ஒப்பிட்டுக் கேட்கக் கிடைப்பது அரிது. இந்தப் பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். பல பகுதிகள் கொண்ட நீண்ட அமைப்பு இது, மனநிலை மாறி மாறிப் போகும், நடுவில் எங்கேயாவது தொலைந்து போனாலும் பரவாயில்லை. 'ஹோம்' பழகிய பிறகு, இரவில், ஹெட்போனில், ஒரே மூச்சில் கேளுங்கள். ராகம் தானம் பல்லவிக்கு உட்காரும் பொறுமை உள்ளவருக்கு 14 நிமிடம் ஒன்றுமே இல்லை.

கடைசிப் பாட்டு 'இன் தி மிஸ்ட்ரி'. பால் கோர்டா பாட, பேஸ் கேரி வில்லிஸ், டிரம்ஸ் மாக் ஹைன். சின்னப் பாட்டு, பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். கோர்டாவின் குரல் மென்மையானது, கார்டுகளுக்குள் கரைந்துவிடும். ஹோல்ட்ஸ்வொர்த் பாடல்களையே தொடர்ந்து எழுதியிருந்தால் எப்படியிருக்கும் என்று நினைக்க வைக்கும் பாட்டு இது.

இப்போது நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி: இது விரல் வித்தையா?

இல்லை. இதை உறுதியாகவே சொல்வேன். வித்தை காட்டுபவர் கேட்பவரைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். எங்கே கைதட்டல் வரும் என்று அவருக்குத் தெரியும், அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். ஹோல்ட்ஸ்வொர்த்தின் சோலோக்களில் அப்படி ஓர் இடத்தைக்கூட நான் கண்டதில்லை. உச்சத்துக்கு ஏற்றி வெடிக்க வைக்க வேண்டிய இடத்தில் அவர் பக்கவாட்டில் திரும்பிப் போய்விடுவார், கார்டு அங்கே அழைத்ததால். மேடையிலும் அவர் அப்படித்தான், தலையைக் குனிந்துகொண்டு வாசிப்பார். தன் வாசிப்பில் திருப்தி அடைந்ததாக அவர் சொன்னது மிகக் குறைவு. எண்பதுகளில் அவரைப் பார்த்து வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு பெரிய கூட்டம் உருவானது உண்மை. அந்தக் கூட்டத்தின் ஒலியை வைத்து அவரை அளக்கக் கூடாது. கார்டுகள் இல்லாமல் அந்த லெகாட்டோவை மட்டும் எடுத்தால் நீங்கள் பயப்படுவது போன்ற வெறும் ஓட்டம்தான் மிஞ்சும்.

குளிர்ச்சியான இசை, உணர்ச்சி இல்லை என்று இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. ப்ளூஸின் வழியாக வந்த காதுகள்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கின்றன. ப்ளூஸில் உணர்ச்சி ஒரு சுரத்தை இழுப்பதில், நெருடுவதில் இருக்கிறது. அதே காலத்தில் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து வந்த ஜான் ஸ்கோஃபீல்டும் மைக் ஸ்டெர்னும் ஜாஸுக்குள் அந்த மண்ணைக் கொண்டுவந்தார்கள், அதனால் உடனே மனதில் ஒட்டினார்கள். ஹோல்ட்ஸ்வொர்த்திடம் ப்ளூஸ் வாக்கியமே கிட்டத்தட்ட கிடையாது. அவருடைய உணர்ச்சி ஒத்திசைவின் நகர்வில் இருக்கிறது, ஒரு கார்டு கரைந்து இன்னொன்றாகும் அந்தக் கணத்தில். அதைக் கேட்கும் காது வேறு. 'ஹோம்' கேட்டுவிட்டு இதைக் குளிர்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

நீங்கள் கிட்டார் கற்பவர் என்பதால் ஒரு பயிற்சி சொல்கிறேன். சோலோவைப் பார்த்து வாசிக்க இப்போது முயல வேண்டாம். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தந்திகளில் அந்தக் குடும்பத்தின் ஏதாவது நான்கு சுரங்களைப் பிடியுங்கள், பெயர் உள்ள கார்டாக இருக்க வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு விரலும் அதே தந்தியில் அந்த ஸ்கேலின் அடுத்த சுரத்துக்கு ஏறட்டும். மறுபடி அடுத்தது. ஏழு படிகள் ஏறினால் தொடங்கிய வடிவம் மேலே திரும்பக் கிடைக்கும். ஏழும் ஏழு கார்டு மாதிரி இருக்கும், ஆனால் ஒரே குடும்பம் என்று காது சொல்லும். இதையே கௌரிமனோகரியில், கீரவாணியில், சரசாங்கியில் செய்யுங்கள். ஹோல்ட்ஸ்வொர்த் தன் பயிற்சி வீடியோவில் கார்டுகளை விளக்குவதும் இந்த வழியில்தான். சில வாரம் இதைச் செய்துவிட்டு 'டெவில் டேக் தி ஹைண்ட்மோஸ்ட்' கேட்டால், அடுத்து எந்த நிறம் வரப்போகிறது என்று சில இடங்களிலாவது காது முன்கூட்டியே சாயத் தொடங்கும்.

இதற்குப் பிறகு என்ன கேட்கலாம்? பின்னோக்கிப் போவதானால் 'ரோட் கேம்ஸ்' தொகுப்பில் 'டோக்கியோ ட்ரீம்', 'ஐ.ஓ.யூ.' முழுவதும். இன்னும் பின்னால் 1979-இல் வந்த புரூஃபோர்டின் 'ஒன் ஆஃப் எ கைண்ட்', 1975-இல் டோனி வில்லியம்ஸோடு செய்த 'பிலீவ் இட்'. முன்னோக்கிப் போவதானால் 1986-இன் 'அட்டவக்ரான்'. அதிலிருந்து அவர் சின்த்ஆக்ஸ் என்ற கருவியைக் கையில் எடுக்கிறார். கிட்டார் மாதிரி வாசித்தாலும் ஒலி சின்தசைசரிலிருந்து வரும். மூச்சால் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குழாயையும் அதோடு இணைத்துக்கொண்டார். சாக்ஸபோன் ஆசை அப்படி ஒரு வழியைத் தேடிக்கொண்டது. கிட்டார் ஒலியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அங்கே ஏமாறுவார்கள், அதனால் அதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன் 1989-இன் 'சீக்ரெட்ஸ்' கேட்டுவிடுங்கள். வின்னி கொலாயூட்டாவின் டிரம்ஸோடு 'சிட்டி நைட்ஸ்' என்ற பாட்டு தொடக்கத்திலேயே வரும். எழுதியவர் கேரி ஹஸ்பண்ட். 'மெட்டல் ஃபட்டீக்' பழகியவருக்கு அது உடனே பிடிபடும். பிடிபடவில்லை என்றால் மறுபடி 'ஹோம்' பக்கம் போங்கள், ஜிம்மி ஜான்சனின் பேஸிலிருந்து ஆரம்பியுங்கள்.